சிக்னல் வராத மூலையில் பிறக்கும் ஆபத்து: ஆபீஸ் வைஃபையை யார் காவல் காக்கிறார்கள்?

பாவூர்சத்திரம் மெயின் ரோட்டில் நின்று போனில் வைஃபையை ஆன் செய்தால் திரை நிறையப் பெயர்கள் வந்து விழும். மொபைல் கடை, அடகுக் கடை, காய்கறி மண்டி ஆபீஸ், மாடியில் இருக்கும் டியூஷன் சென்டர், கடந்துபோகும் பஸ்ஸில் யாரோ ஒருவரின் ஹாட்ஸ்பாட். இதில் எது யாருடையது, எது எந்த ஒயரோடு சேர்ந்திருக்கிறது என்று பெயரை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நெட்வொர்க் நிர்வாகி ஒருவரின் வேலையில் பாதி, அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான்.

"பாஸ்வேர்டு போட்டிருக்கோம்ல, அப்புறம் என்ன?" இது பல அலுவலகங்களில் கேட்கும் பதில். பாஸ்வேர்டு, நாம் வைத்த வைஃபையின் கதவைப் பூட்டும். நமக்கே தெரியாமல் நம் கட்டடத்தில் திறந்து கிடக்கும் இன்னொரு கதவைப் பூட்டாது. அந்த இன்னொரு கதவைக் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டைத்தான் வயர்லெஸ் ஊடுருவல் கண்டறிதல் என்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது, சின்ன ஊர் அலுவலகத்துக்கு எவ்வளவு தேவை, எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

தென்காசிக்கு இது ஏன் முக்கியம்?

2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசி, அதற்கு முன்பே மென்பொருள் வரைபடத்தில் இடம்பிடித்துவிட்டது. மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011-ல் ஒரு சிறிய அலுவலகத்தைத் தொடங்கியது. 'ஜோஹோ டெஸ்க்' மென்பொருள் அங்கிருந்துதான் உருவானது. கொரோனாவுக்குப் பிறகு சொந்த ஊரில் இருந்தே வேலை பார்ப்பவர்களும் கூடினார்கள்.

வேலை ஊருக்கு வந்தால், அதோடு பொறுப்பும் வரும். வெளிநாட்டு வாடிக்கையாளரின் தரவைக் கையாளும் நிறுவனத்திடம், "உங்கள் நெட்வொர்க்கில் அனுமதியில்லாத ஆக்சஸ் பாயிண்ட் இருக்கிறதா என்று எப்போது கடைசியாகச் சோதித்தீர்கள்?" என்று தணிக்கையில் கேட்பார்கள். கிரெடிட், டெபிட் கார்டு விவரங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கான 'பிசிஐ டிஎஸ்எஸ்' என்ற உலகத் தரவிதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இந்தச் சோதனையைச் செய்யச் சொல்கிறது. பதில் இல்லையென்றால் ஒப்பந்தம் கைநழுவலாம். சென்னையில் ஒரு வாடிக்கையாளர் போனால் இன்னொருவர் கிடைக்கலாம். பத்துப் பேர் வேலை செய்யும் சிற்றூர் அலுவலகத்துக்கு ஒரு வாடிக்கையாளர் என்பது சில குடும்பங்களின் சம்பளம்.

ஜோஹோவின் பழைய பெயர் அட்வென்ட்நெட். 1996-ல் தொடங்கியபோது அதன் தொழிலே நெட்வொர்க் நிர்வாக மென்பொருள்தான். அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவு 2000-களின் நடுவில் 'வைஃபை மேனேஜர்' என்ற மென்பொருளை விற்றது. ஆக்சஸ் பாயிண்டுகளை நிர்வகிப்பது, கள்ளச் சாதனங்களைக் கண்டறிவது என்ற இரண்டு வேலையும் அதில் ஒன்றாக இருந்தன. ஏன் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஆக்சஸ் பாயிண்ட் நிர்வாகம் என்றால் என்ன?

வீட்டில் இருக்கும் ரவுட்டர் பல வேலைகளைச் சேர்த்துச் செய்யும் பெட்டி. அலுவலகத்தில் அந்த வேலைகள் பிரிந்துவிடும். கூரையில் வட்டமாக ஒட்டியிருக்கும் ஆக்சஸ் பாயிண்டின் வேலை, ஒயரில் வரும் இணையத்தை ரேடியோ அலையாக மாற்றுவது மட்டுமே. அது தன் பெயர், சேனல், பாதுகாப்பு முறை ஆகியவற்றை விநாடிக்குச் சுமார் 10 முறை காற்றில் அறிவித்துக்கொண்டே இருக்கும். நம் போனில் தெரியும் பெயர்ப் பட்டியல் அந்த அறிவிப்புகளைக் கேட்டுத்தான் வருகிறது.

இப்படிப் பத்து ஆக்சஸ் பாயிண்டுகள் இருந்தால், அவற்றைக் கன்ட்ரோலர் என்ற பொது மேலாளர் கவனிக்கும். அதன் முக்கிய வேலைகள் நான்கு.

முதலாவது, சேனல் பிரிப்பது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அடுத்தடுத்த ஆக்சஸ் பாயிண்டுகளுக்கு ஒரே சேனலைக் கொடுத்தால் சந்தைக் கூச்சலில் பேசுவது போலத்தான்.

இரண்டாவது, சக்தியை அளவாக வைப்பது. "ஃபுல் பவர் வச்சா நல்லதுதானே?" என்று தோன்றும். ஆனால் ஆக்சஸ் பாயிண்ட் கத்துவது போனுக்குக் கேட்டாலும், போனின் மெல்லிய பதில் அங்கே போய்ச் சேராது. கூடவே, தேவையில்லாமல் சிக்னல் தெருவுக்கும் போகும்.

மூன்றாவது, மென்பொருள் அப்டேட். நான்காவது, யாருக்கு எந்தப் பாதை என்று பிரிப்பது: ஊழியர்களுக்கு ஒன்று, விருந்தினர்களுக்கு ஒன்று, சிசிடிவி கேமராவுக்கும் பிரிண்டருக்கும் வேறொன்று.

கள்ள ரவுட்டர் எப்படிப் பிறக்கிறது?

'கள்ள ஆக்சஸ் பாயிண்ட்' என்றதும் முகமூடி போட்ட ஹேக்கர் நினைவுக்கு வரலாம். நடைமுறையில் அதைக் கொண்டுவந்து வைப்பவர் பெரும்பாலும் அதே அலுவலகத்தில் வேலை செய்பவர்தான். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. மீட்டிங் ரூம் மூலையில் சிக்னல் வராது. இரண்டு முறை சொல்லிப் பார்ப்பார். மூன்றாவது முறை, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து சுவரில் இருக்கும் நெட்வொர்க் துளையில் சொருகிவிடுவார். "இப்ப சூப்பரா எடுக்குது!"

அந்த நொடியில், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஃபயர்வாலைச் சுற்றி ஒரு புறவாசல் திறந்துவிடுகிறது. ஃபயர்வால் நிற்பது அலுவலக நெட்வொர்க்கும் இணையமும் சந்திக்கும் வாசலில். பழைய ரவுட்டரோ உள்ளே இருக்கும் ஒயரில் உட்கார்ந்திருக்கிறது. அதன் பாஸ்வேர்டு எளிதாக இருந்தால், ரோட்டில் பைக்கை நிறுத்தி உட்கார்ந்திருப்பவர் நேராக உள் நெட்வொர்க்குக்கு வந்துவிடலாம்.

இன்னொரு வழியும் உண்டு. சாரல் காலத்தில் காற்றடித்துக் கரன்ட் போகிறது. ஆக்சஸ் பாயிண்டுக்கு யுபிஎஸ் இல்லை. லேப்டாப்பில் சார்ஜ் இருக்கிறது, போனில் டேட்டா இருக்கிறது. எல்லாரும் சொந்த ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுகிறார்கள். கரன்ட் வந்த பிறகும் சிலர் மாறாமல் அப்படியே தொடர்கிறார்கள். அலுவலகத் தரவு இப்போது அலுவலகம் பார்க்க முடியாத பாதையில் போகிறது.

இரண்டு கதையிலும் குறை, ஊழியரிடம் தொடங்கவில்லை. சிக்னல் வராத மூலையிலும் யுபிஎஸ் இல்லாத ஆக்சஸ் பாயிண்டிலும் தொடங்கியது. சரியாக நிர்வகிக்காத நெட்வொர்க், தனக்கான ஊடுருவலைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. நிர்வாகத்தையும் காவலையும் தனித்தனி வேலையாகப் பார்க்க முடியாது என்பது இதனால்தான்.

இந்தியா கற்ற பாடம்

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குச் சற்று முன் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது எந்த இணைய இணைப்பில் இருந்து வந்தது என்று தேடிய போலீசார், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். விசாரணையில், அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தது தெரியவந்தது. அடுத்த சில வாரங்களில் இதேபோல் வந்த மின்னஞ்சல்களுக்கு மும்பையில் ஒரு கல்லூரியின் வைஃபையும் ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபையும் பயன்பட்டிருந்தன.

இதன் பிறகு 2009 பிப்ரவரியில், வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைப்பது பற்றி இணையச் சேவை நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவுகளை அனுப்பியது. இந்தச் சம்பவங்களில் பணமோ தரவோ திருடு போகவில்லை. ஆனாலும் வைஃபையின் சொந்தக்காரர் வீட்டுக் கதவைத்தான் போலீஸ் தட்டியது.

தரவுத் திருட்டுக்கு உதாரணம் அமெரிக்காவின் டிஜேஎக்ஸ் என்ற சில்லறை வணிக நிறுவனம். குறைந்தது 4.57 கோடி கார்டுகளின் விவரங்கள் திருடு போனதாக அந்த நிறுவனமே 2007-ல் தெரிவித்தது. மியாமி பகுதியில் இரண்டு கடைகளில் இருந்த, பலவீனமான பாதுகாப்பு கொண்ட வைஃபை வழியாகத் திருடர்கள் முதலில் நுழைந்திருக்கலாம் என்று கனடா தனியுரிமை ஆணையரின் விசாரணை அறிக்கை கூறியது. தலைமை அலுவலகம் எவ்வளவு பலமாக இருந்தாலும், கிளைக் கடையின் வைஃபை போதும்.

கேட்டுக்கொண்டே இருக்கும் காது

இங்கேதான் சென்சார் வருகிறது. பார்க்க ஆக்சஸ் பாயிண்ட் போலவே இருக்கும். ஆனால் யாருக்கும் இணையம் கொடுக்காது. ஒவ்வொரு சேனலாக மாறி மாறி, காற்றில் யார் பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டதை மத்திய சர்வருக்கு அனுப்பும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, முழுநேரச் சென்சார். மற்றொன்று, இணையம் கொடுக்கும் ஆக்சஸ் பாயிண்டே நடுநடுவே சில மில்லி விநாடி ஒதுங்கி மற்ற சேனல்களைக் கேட்பது. இரண்டாவது செலவு குறைவு. ஆனால் அது கேட்காத நேரமே அதிகம். கடையைக் கவனித்துக்கொண்டே அவ்வப்போது வாசலை எட்டிப் பார்ப்பதற்கும், வாசலில் வாட்ச்மேன் உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். முழுநேரச் சென்சார் என்றால், மூன்று முதல் ஐந்து ஆக்சஸ் பாயிண்டுகளுக்கு ஒன்று போதும் என்பது பொதுவான கணக்கு.

சென்சார் எதையெல்லாம் கவனிக்கும்? பட்டியலில் இல்லாத புதிய ஆக்சஸ் பாயிண்ட். அலுவலக வைஃபையின் பெயரையே வைத்துக்கொண்டு வேறு எங்கிருந்தோ ஒலிக்கும் போலி. அலுவலக லேப்டாப் வெளி ஹாட்ஸ்பாட்டில் சேர்வது. 'இணைப்பைத் துண்டி' என்ற போலி உத்தரவுகள் மழையாகப் பொழிவது. மூன்று சென்சார்களில் சிக்னல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை ஒப்பிட்டு, அந்தச் சாதனம் எந்த அறையில் இருக்கக்கூடும் என்றும் காட்டும்.

எது எதிரி, எது பக்கத்துக் கடை?

சென்சாரை மாட்டிய முதல் வாரம் நிர்வாகிக்குத் தூக்கம் போய்விடும். கடைகள் நெருக்கமாக இருக்கும் தெருவில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை வரும். பக்கத்து பேக்கரி, எதிர்வீடு, ரோட்டில் போகிறவர் போன் என எல்லாமே 'தெரியாத சாதனம்'தான். இத்தனை பொய் அலாரத்துக்கு நடுவே உண்மையான அலாரம் காணாமல் போகும்.

அதனால் தரம் பிரிக்க வேண்டும். நம்முடையது, பக்கத்தில் இருப்பது, கள்ளம் என்று மூன்று கூடை. இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரிக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சாதனம் நம் ஒயரோடு இணைந்திருக்கிறதா? பேக்கரியின் ரவுட்டர் எவ்வளவு பலமாகக் கேட்டாலும் அது நம் ஸ்விட்சில் சொருகப்படவில்லை. மீட்டிங் ரூமில் இருக்கும் பழைய ரவுட்டர் மெல்லக் கேட்டாலும் ஆபத்து அதுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய தந்திரம் உண்டு. ஒயர் நெட்வொர்க்கில் ஓர் அடையாளச் செய்தியை அனுப்பி, அதே செய்தி காற்றில் கேட்கிறதா என்று சென்சார் காத்திருக்கும். கேட்டால், அந்தச் சாதனம் நம் ஒயரில்தான் இருக்கிறது. இன்னொரு வழி, காற்றில் கேட்கும் 'மேக்' முகவரியையும் ஸ்விட்சின் பட்டியலில் இருக்கும் முகவரியையும் ஒப்பிடுவது.

இந்தத் துறையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. பிரவின் பாக்வத் தொடங்கிய ஏர்டைட் நெட்வொர்க்ஸ், புனேயில் ஆராய்ச்சிப் பிரிவை வைத்து வயர்லெஸ் ஊடுருவல் தடுப்புக் கருவிகளை உருவாக்கியது. 2010-ல் அதன் ஆய்வாளர்கள், பாதுகாப்பானது என்று நம்பப்பட்ட டபிள்யூபிஏ-2 முறையில் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார்கள். ஏற்கெனவே பாஸ்வேர்டு தெரிந்து உள்ளே இருப்பவர், சக பயனர்களைத் தாக்க வழிவிடும் குறை அது. பின்னர் மோஜோ நெட்வொர்க்ஸ் எனப் பெயர் மாறிய அந்த நிறுவனத்தை 2018-ல் அமெரிக்காவின் அரிஸ்டா வாங்கியது.

போன்களும் இப்போது நிர்வாகியின் வேலையைக் கூட்டியிருக்கின்றன. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல், பயனரின் தனியுரிமைக்காகப் போன்கள் நிஜ மேக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரி காட்டுகின்றன. எனவே "இந்த முகவரிகளை மட்டும் அனுமதி" என்ற பழைய பட்டியல் முறையை நம்பி உட்கார முடியாது. ஒவ்வோர் ஊழியருக்கும் தனி யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுக்கும் '802.1எக்ஸ்' முறையே நம்பகமானது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் கணக்கை மட்டும் மூடினால் போதும். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால், போனவர் கையிலும் சாவி இருக்கும்.

கண்டுபிடித்தாச்சு, அடுத்து என்ன?

பல கருவிகளில் ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால், கள்ளச் சாதனத்தில் சேர்ந்திருப்பவர்களுக்குச் சென்சாரே 'இணைப்பைத் துண்டி' என்ற செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தச் சாதனம் உண்மையில் பக்கத்துக் கடையுடையது என்றால், அடுத்தவர் இணையத்தை நாமே முடக்குகிறோம் என்று அர்த்தம்.

2014 அக்டோபரில் அமெரிக்காவில் மேரியட் ஹோட்டல் நிறுவனத்துக்கு 6 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது இதற்காகத்தான். நாஷ்வில் நகரில் இருந்த அதன் ஹோட்டலின் மாநாட்டு வளாகத்தில், விருந்தினர்கள் தங்கள் சொந்த ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்த முடியாதபடி வைஃபை கண்காணிப்புக் கருவியைக் கொண்டே தடுத்தார்கள் என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் கூறியது. காவலுக்கு வாங்கிய கருவி, வாடிக்கையாளர் மீதே திரும்பியது. இந்தியாவிலும் சிக்னல் ஜாமர்களை அரசின் தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்துவது சட்டவிரோதம்.

பாதுகாப்பான வழி ஒயரில் இருக்கிறது. கள்ள ரவுட்டர் எந்த ஸ்விட்சில், எந்தப் போர்ட்டில் சொருகியிருக்கிறது என்று கண்டுபிடித்து அந்தப் போர்ட்டை மட்டும் அணைத்துவிடலாம். அடுத்தவர் யாருக்கும் பாதிப்பில்லை. பிறகு நேரில் போய், அதை வைத்தவரிடம் "இங்க சிக்னல் வரலையா?" என்று கேட்க வேண்டும். பதில் 'ஆமாம்' என்றால், அந்த மூலைக்கு ஓர் ஆக்சஸ் பாயிண்ட் மாட்ட வேண்டும். திட்டிவிட்டு ரவுட்டரைப் பிடுங்கினால் அடுத்த மாதம் இன்னொன்று வரும்.

குற்றாலம் சீசனும் 'போலி இரட்டை'யும்

அலுவலகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. சீசனில் குற்றாலம் வரும் பயணி, லாட்ஜில் ஃப்ரீ வைஃபையைத் தேடுவார். லாட்ஜின் பெயரிலேயே இரண்டு இணைப்புகள் தெரிந்தால், எது அசல்? பாஸ்வேர்டு இல்லாத வைஃபை என்றால், அதே பெயரில் ஒரு போலியை உருவாக்க ஒரு கையடக்கக் கருவி போதும்.

2024-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு பயணி மீது இதே குற்றச்சாட்டில் வழக்குப் போடப்பட்டது. விமான நிலையங்களிலும் விமானத்துக்குள்ளும் போலி வைஃபை வைத்து, அதில் சேர்ந்தவர்களிடம் மின்னஞ்சல், சமூக ஊடக விவரங்களைக் கேட்டு வாங்கினார் என்பது புகார். இதை முதலில் கவனித்துச் சொன்னது கருவி அல்ல. பறந்துகொண்டிருந்த விமானத்தில் சந்தேகமான ஒரு வைஃபை பெயரைப் பார்த்த ஊழியர்கள்தான்.

ஃப்ரீ வைஃபையில் சேரும்போது ஜிமெயில் அல்லது ஃபேஸ்புக் பாஸ்வேர்டைக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பேங்க் வேலை இருந்தால் மொபைல் டேட்டா நல்லது.

சின்ன அலுவலகம் என்ன செய்யலாம்?

எல்லாருக்கும் முழுநேரச் சென்சார் வாங்கக் கட்டுப்படியாகாது. பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை இவை:

• முதலில் பட்டியல். எத்தனை ரவுட்டர், ஆக்சஸ் பாயிண்ட், அவற்றின் மேக் முகவரி, இருக்கும் இடம். பட்டியல் இல்லாமல் 'தெரியாத சாதனம்' என்று எதையும் சொல்ல முடியாது.

• மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வைஃபை ஸ்கேன் செய்யும் ஆப்புடன் கட்டடம் முழுக்க ஒரு நடை. பலமாகக் கேட்கும் புதிய பெயரையும், சிக்னல் குறையும் மூலையையும் ஒரே நடையில் குறித்துக்கொள்ளலாம்.

• சற்றுத் தொழில்நுட்பம் தெரிந்தவர் இருந்தால், 'கிஸ்மெட்' என்ற இலவச மென்பொருளைப் பழைய லேப்டாப்பில் போட்டுச் சென்சாராகப் பயன்படுத்தலாம். இதற்கு ஒத்துழைக்கும் வைஃபை அடாப்டர் தேவை.

• பயன்படுத்தாத நெட்வொர்க் துளைகளை ஸ்விட்சிலேயே அணைத்து வைக்கலாம். சொருகினாலும் வேலை செய்யாத துளையில் கள்ள ரவுட்டர் பிறக்காது.

• விருந்தினருக்குத் தனி வைஃபை. சிசிடிவிக்கும் பிரிண்டருக்கும் வேறு பாதை. பட்டனை அழுத்தினால் இணையும் 'டபிள்யூபிஎஸ்' வசதியை அணைத்துவிடலாம்.

• புதிதாக வாங்கும்போது டபிள்யூபிஏ-3 உள்ள கருவி. 'இணைப்பைத் துண்டி' என்ற போலி உத்தரவுகளை நம்பாமல் இருக்கும் பாதுகாப்பு அதில் கட்டாயம்.

• ஆக்சஸ் பாயிண்டுக்கும் ஸ்விட்சுக்கும் யுபிஎஸ்.

பதிவேடு முக்கியம்

இந்தியாவின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவின்படி, இணையப் பாதுகாப்புச் சம்பவம் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும். கருவிகளின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

கடிகாரம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் விலை குறைந்த பல ரவுட்டர்களில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரன்ட் போய் வந்தால், இணையத்தில் இருந்து நேரத்தைப் பெறும்வரை அதன் தேதி பழைய காலத்துக்குப் போய்விடும். நேரம் தவறாகப் பதிவானால், "அந்த நேரத்தில் எங்கள் வைஃபையில் யார் இருந்தார்கள்?" என்ற கேள்விக்கு நிறுவனத்திடம் பதில் இருக்காது. 2008-ல் நவி மும்பையில் போலீஸ் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான். ரவுட்டரின் அட்மின் பக்கத்தைத் திறந்து தேதியும் நேரமும் சரியா என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். அதே பக்கத்தில், இப்போது யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலும் இருக்கும்.